மனிற்ரோபா எஞ்சினும் வாத்துக் காசும்: கனடாக்காரரின் வேடிக்கைகளுக்கு ஒரு சிறு வரலாறு

மட்டக்களப்புப் பக்கத்தில் "கனடாக்காரர்" என்பது ஒரு ஆள்வகையின் பெயர். பிறந்தது களுவாஞ்சிக்குடியிலயோ கல்லடியிலயோ இருக்கலாம். பத்து வருசம் அங்க இருந்துபோட்டு ஒரு மாத லீவில வந்தால் அவர் கனடாக்காரர். தண்ணிப் போத்தலின் மூடி உடைபடாமல் இருக்கா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓட்டோவில் ஏறினதும் பெல்ட் தேடுவார். கடைக்காரர் மிச்சக்காசு தந்தாலும் நன்றி சொல்லுவார், தராவிட்டாலும் நன்றி சொல்லுவார். கோயில் சனத்துக்குள்ள யாராவது அவருடைய காலை மிதித்தால், மிதித்த ஆள் வாய் திறக்க முதல் இவர் "சொறி" சொல்லி முடித்திருப்பார்.

லண்டன்காரர், சுவிஸ்காரர், கட்டார்காரர் எல்லாரைப் பற்றியும் நம்மட ஊரில பகிடி இருக்கு. ஆனா கனடாப் பகிடிக்கு ஒரு தனி ருசி. ஏனென்றால் அதில் பாதி நம்மட ஆக்களின் பழக்கமே இல்லை. அங்க ஏற்கனவே இருந்த வெள்ளைக்காரக் கனடியரின் கோணங்கித்தனங்கள் நம்மட ஆக்களில ஒட்டிக்கொண்டு, விமானம் ஏறி, வாவிக்கரை வரைக்கும் வந்து சேருகின்றன. பாலைப் பையில வாங்குவது, வெயிலை ஒரு அளவிலயும் ஆளின் உயரத்தை வேற அளவிலயும் சொல்லுவது, காசை வாத்தின் பெயரால கூப்பிடுவது, எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேட்பது.

இதையெல்லாம் வெறும் வேடிக்கையாகக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனா ஒவ்வொரு வேடிக்கைக்கும் ஒரு வருசம் இருக்கு. அந்த வருசங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், நம்மட ஆக்கள் அங்க போன கதையும் பக்கத்தில பக்கத்தில வந்து நிற்குது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் செய்து பார்க்கிறேன்.

எஞ்சினாக வந்த கனடா

நாங்கள் கனடாவுக்குப் போனதுக்கு முதலே கனடா இங்க வந்துவிட்டது. அதுவும் தண்டவாளத்தில.

1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில கூடினார்கள். அந்தக் கூட்டத்தில இருந்து பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். அதன் கீழ் கனடா இலங்கைக்குத் தந்த உதவிகளில் எல்லார் கண்ணிலயும் பட்டது டீசல் எஞ்சின். ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள லண்டன் என்ற நகரத்தில் (ஓம், அங்கயும் ஒரு லண்டன் இருக்கு, அதுக்குள்ள ஓடுகிற ஆற்றுக்கும் தேம்ஸ் என்றுதான் பெயர்) ஜெனரல் மோட்டர்ஸ் செய்த எஞ்சின்கள் 1954 முதல் கொழும்புத் துறைமுகத்தில வந்திறங்கின. றெயில்வேயில அதுக்கு எம்2 என்று பெயர். காலம் காலமாக வந்து சேர்ந்த அந்த வகை எஞ்சின்கள் மொத்தம் 14. அதில் 12க்குக் கனடாவின் மாகாணங்களும் நகரங்களும் பெயராக எழுதப்பட்டன: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக், மனிற்ரோபா, நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வேர்ட் ஐலண்ட், நியூபவுண்ட்லாந்து, மொன்றியல், வன்கூவர். மிச்சம் ரெண்டுக்கு மட்டும் காங்கேசன்துறை, காலி என்று நம்மட நாட்டுப் பெயர்கள்.

யோசித்துப் பாருங்க. கோச்சியில கொழும்புக்குப் போன ஆச்சிமார் அப்பாமாருக்குச் சஸ்கச்சுவான் என்பது ஒரு இடம் என்றே தெரிந்திருக்காது. அது புகை விடுகிற, கூக்காட்டுகிற ஒரு சாமான். இன்றைக்கு அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது குளிர்காலத்தில மைனஸ் முப்பதுக்கு இறங்குகிற ஒரு முகவரி. ஒரே சொல் ரெண்டு தலைமுறைக்குள்ள எஞ்சினில இருந்து வீட்டு இலக்கத்துக்கு மாறியிருக்கு.

இந்தப் பட்டியலில் மனிற்ரோபா என்ற பெயரை மட்டும் மனசில வைச்சுக்கொள்ளுங்க. இன்னும் மூன்று தரம் வரும்.

இறாத்தலும் கிலோவும்

கனடாக்காரரிட்ட இண்டைக்கு வெளியில எவ்வளவு குளிர் என்று கேட்டால் செல்சியஸில சொல்லுவார். அவருடைய வீட்டு அவண் எத்தனை சூட்டில இருக்கு என்றால் பரனைட்டில சொல்லுவார். ரொறன்ரோவில இருந்து ஒட்டாவா எவ்வளவு தூரம் என்றால் கிலோமீற்றர், அல்லது "நாலரை மணித்தியாலம்". அவருடைய மகன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்றால் அடியும் அங்குலமும். இறைச்சிக்கடையில விலைப்பலகையில இறாத்தல், பில்லில கிலோ.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு சரியான வரலாறு இருக்கு. 1970இல் கனடிய அரசு மெற்றிக் முறைக்கு மாறப்போவதாக வெள்ளை அறிக்கை விட்டது. 1975இல் வானிலை அறிக்கை செல்சியஸுக்கு மாறியது. 1977இல் வீதிப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறின. பிறகு சனத்தின் எதிர்ப்பு, ஆட்சி மாற்றம். 1985இல் மெற்றிக் ஆணைக்குழுவையே கலைத்துப்போட்டார்கள். பாதி ஆற்றில தோணியை நிப்பாட்டின மாதிரி, எது எது மாறியிருந்ததோ அது மாறினபடியும் எது எது மாறவில்லையோ அது பழையபடியும் நின்றுபோச்சு. பையில பால் விற்பதும் இதோட சேர்ந்த கதைதான். பிளாஸ்ரிக் பால்பை 1967இல் வந்தது. மெற்றிக் மாற்றம் வந்தபோது போத்தலையும் அட்டைப்பெட்டியையும் புது அளவுக்கு மாற்றச் செலவு அதிகம். பையை எந்த அளவில ஒட்டினாலும் பை. அதனால் ஒன்ராறியோவில் இன்றைக்கும் மூன்று பை சேர்ந்து நாலு லீற்றர் என்ற கணக்கில பால் விற்குது. நாலை மூன்றால பிரித்தால் ஒரு பைக்கு எவ்வளவு என்று கேட்காதீங்க, அங்க ஒருத்தரும் கேட்பதில்லை.

இதுக்கு நாங்கள் சிரிக்கலாமா என்பது வேற கேள்வி. நம்மட பக்கத்தில வளவைப் பேர்ச்சிலயும் வயலை ஏக்கரிலயும் அளக்கிறோம். நெல்லை மூட்டையிலயும், அரிசியைப் பழைய ஆக்கள் கொத்திலயும், கடையில கிலோவிலயும் வாங்குகிறோம். தங்கம் பவுணில. துணி சிலநேரம் யார், சிலநேரம் மீற்றர். தயிரைச் சட்டிக் கணக்கில வாங்கிக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போகிறோம். ஆசுபத்திரிக்குத் தேத்தண்ணியைச் சொப்பிங் பையில ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொண்டுபோகிற நாங்கள் பால்பையைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனா இந்த அளவுக் குழப்பம் ஒரு நாள் உயிர் போகிற கட்டத்துக்கு வந்தது. எயார் கனடாவின் 143ஆம் இலக்க விமானம், புத்தம் புது போயிங் 767, மொன்றியலில இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரனுக்குப் புறப்பட்டது. அதுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. எரிபொருளின் எடையைக் கணக்குப் பார்த்தவர்கள் பழைய பழக்கத்தில இறாத்தல் கணக்கைப் போட்டுவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் மேலே ஏறி, நடுவானில ரெண்டு எஞ்சினும் நின்றுபோச்சு. விமானி பொப் பியர்சன் அந்தப் பெரிய விமானத்தைக் காற்றாடி மாதிரி மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் ஒரு பழைய விமானப்படைத் தளத்தில இறக்கினார். அங்க அன்றைக்குக் கார் ரேஸ் நடந்துகொண்டிருந்தது, குடும்பம் குடும்பமாகச் சனம் இருந்தது. விமானத்தில இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள். கிம்லி இருப்பது மனிற்ரோபா மாகாணத்தில. கனடியர்கள் இன்றைக்கும் இதை ஒரு பகிடியாகவும் பெருமையாகவும் சொல்லுவார்கள்.

அது நடந்த தேதி 1983 ஜூலை 23.

நம்மட வீடுகளில அந்தத் தேதிக்கு விளக்கம் தேவையில்லை. அதே நாள் இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில நடந்த தாக்குதலில 13 படையினர் இறந்தார்கள். சில மணித்தியாலத்துக்குப் பிறகு, உலகத்தின் மற்றப் பக்கத்தில கிம்லியில அந்த விமானம் இறங்கியது. அப்போது இங்க 24ஆம் தேதி விடிந்திருந்தது. அன்று இரவு கொழும்பில தமிழரின் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. 25ஆம் தேதியும் 27ஆம் தேதியும் வெலிக்கடைச் சிறையில தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தப்பினவர்களை மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அவர்கள் செப்டெம்பர் 23இல் சிறையை உடைத்து வெளியேறியது நம்மட ஊர் வரலாறு.

ரெண்டு சம்பவத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா அந்த ஜூலைக்குப் பிறகுதான் கனடா என்ற பெயர் நம்மட வீட்டுத் திண்ணைகளில அடிக்கடி கேட்கத் தொடங்கியது. ஒரு நாடு இறாத்தலுக்கும் கிலோவுக்கும் நடுவில தடுமாறிய அதே வாரத்தில இன்னொரு நாடு தன் சொந்தச் சனத்தைத் துரத்தியது. துரத்தப்பட்ட சனம் தடுமாறின நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

வாத்துக் காசு

1986 ஆகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்தின் சென் ஷொட்ஸ் என்ற சின்ன மீன்பிடிக் கிராமத்துக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள்ள, கஸ் டோல்ரன் என்ற மீன்பிடிப் படகுக் கப்டன் ரெண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். உள்ளே 155 தமிழர்கள். ஜேர்மனியில இருந்து 'ஒறிகே' என்ற கப்பலில ஏற்றிவந்து நடுக்கடலில இறக்கிவிடப்பட்டவர்கள். மீனவர்கள் சாப்பாடும் தண்ணியும் குடுத்துக் கரை சேர்த்தார்கள். முதலில அவர்கள் இந்தியாவில இருந்து நேரே வந்ததாகச் சொன்னதும், பிறகு ஜேர்மனிக் கதை வெளியில வந்ததும், கனடாவில பெரிய சர்ச்சை கிளம்பியது. ஆனாலும் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கிடைத்தது.

அதே 1986இல், மூன்று மாதம் கழித்து, கனடிய அரசு ஒரு சாமானைத் தொலைத்தது. ஒரு டொலர்த் தாளுக்குப் பதிலாகக் குத்திக்காசு விட முடிவெடுத்து, தோணியில போகிற ரெண்டு பேரின் படத்தோட அச்சு செய்திருந்தார்கள். ஒட்டாவாவில இருந்து வினிபெக்கில உள்ள நாணயச்சாலைக்கு அந்த அச்சை அனுப்பும்போது ஏறத்தாழ 43 டொலர் மிச்சம் பிடிக்கலாம் என்று சாதாரணக் கூரியரில போட்டார்கள். அச்சு காணாமல் போச்சு. இன்றுவரைக்கும் கிடைக்கவில்லை. கள்ளக்காசு அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில படத்தையே மாற்றி, லூன் என்ற நீர்ப்பறவையைப் போட்டு, 1987 ஜூனில வெளியிட்டார்கள். சனம் அந்தக் காசை "லூனி" என்று கூப்பிடத் தொடங்கியது. ஆங்கிலத்தில லூனி என்றால் மூளை கலங்கின ஆள் என்றும் ஒரு அர்த்தம். அதைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படவில்லை. 1996இல் ரெண்டு டொலர்க் காசு வந்தபோது அதுக்கு "ரூனி" என்று பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். வினிபெக் எந்த மாகாணத்தில என்று கேட்டால், மனிற்ரோபாதான்.

தோணியில ஆக்கள் இருக்கிற படம் தொலைந்துபோய்ப் பறவை வந்த கதையும், தோணியில ஆக்கள் வந்து சேர்ந்த கதையும் ஒரே வருசத்துக்குரியவை. நம்மட ஆக்கள் அந்த நாட்டில முதலில கையில பிடித்த காசுகளில ஒன்று அந்த வாத்துக் காசு. வாத்து இல்லை, லூன் என்று கனடாக்காரர் திருத்துவார். இங்க எல்லாருக்கும் அது வாத்துத்தான்.

பனி தள்ளப் பட்டாளம்

பனிப் பகிடிகள்தான் எண்ணிக்கையில கூட. மண்வெட்டி மாதிரி ஒன்றால வீட்டு வாசலைத் துப்பரவாக்கி முடிக்க, நகரசபையின் வண்டி வந்து வீதிப்பனியை எல்லாம் அதே வாசலுக்குத் தள்ளிவிட்டுப் போகும் என்று ஒவ்வொரு கனடாக்காரரும் கதை வைத்திருப்பார். பல கனடிய நகரங்களில வீட்டுக்கு முன்னால உள்ள நடைபாதைப் பனியை வீட்டுக்காரர்தான் அள்ள வேணும், தவறினால் தண்டம். இங்க வாசல் கூட்ட மாட்டன் என்று அடம்பிடித்த பொடியன், அங்க விடிய ஐந்து மணிக்கு எழும்பி வாசல் அள்ளுகிறான் என்று அம்மாமார் சொல்லிச் சிரிப்பது இதைத்தான்.

கனடியர்களுக்கு உள்ளேயே ரொறன்ரோக்காரரைப் பற்றி ஒரு பகிடி இருக்கு. 1999 ஜனவரியில ரொறன்ரோவில கடும் பனி கொட்டியது. நகர முதல்வர் மெல் லாஸ்ற்மன் சமாளிக்க ஏலாமல் இராணுவத்தைக் கூப்பிட்டார். பட்டாளம் வந்து பனி அள்ளியது. அதைவிடக் கூடின பனியில சாதாரணமாக வேலைக்குப் போய்வருகிற மற்ற மாகாணத்து ஆக்கள் இன்றுவரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்: பனிக்குப் பயந்து பட்டாளத்தைக் கூப்பிட்ட ஊர்.

இந்தப் பகிடியை நம்மட காதால கேட்டுப் பாருங்க. 1999இல் ஸ்காபரோவில ஏற்கனவே பெருந்தொகைத் தமிழர்கள் இருந்தார்கள். அவர்களில மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களும் இருந்தார்கள். அந்த ஆக்களுக்குப் பட்டாளம் வீதிக்கு இறங்குவது என்றால் வேற அர்த்தம். 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில அகதிகளாக இருந்த சனத்துக்குள்ள இருந்து 158 பேரைப் படையினர் கூட்டிப்போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அப்படி ஒரு ஊரில இருந்து தப்பிப்போன ஆளின் வாசலுக்கு, ஒன்பது வருசத்துக்குப் பிறகு, சீருடை போட்டவன் மண்வெட்டியோட வந்து நின்றால் எப்படி இருந்திருக்கும்? மற்றக் கனடியருக்கு அது வெட்கக்கேடான பகிடி. நம்மட ஆளுக்கு அது ஒரு நாடு எப்படியும் இருக்கலாம் என்பதுக்கு அத்தாட்சி. ஒரே சம்பவம், சிரிப்பு ரெண்டு விதம்.

"சொறி" என்ற சட்டம்

கனடாக்காரரின் மன்னிப்புப் பழக்கம் உலகப் பிரசித்தம். எவ்வளவு தூரம் என்றால், அதுக்குச் சட்டமே போட வேண்டி வந்தது. ஆரோ காரில இடித்துப்போட்டு "சொறி" என்று சொன்னால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா என்ற பிரச்சினை வந்தது. 2006இல் பிரிட்டிஷ் கொலம்பியாவும், 2009இல் ஒன்ராறியோவும் மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தன. மன்னிப்புக் கேட்டதை வைத்து மட்டும் சிவில் வழக்கில ஒருவரைப் பொறுப்பாளி ஆக்க முடியாது. பழக்கத்தை விடச் சொல்ல ஏலாது, சட்டத்தை மாற்றுவோம் என்ற முடிவு.

அரசாங்கமும் அப்படித்தான். 1988இல் ஜப்பானியக் கனடியரிடம், ரெண்டாம் உலகப்போரில அவர்களை அடைத்து வைத்ததுக்காக மன்னிப்பு. 2008இல் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில அடைத்ததுக்காக மன்னிப்பு. கனடா என்ற சொல்லே அந்தப் பூர்வகுடிச் சனத்திடம் இருந்து எடுத்ததுதான். 1535இல் ஜாக் கார்ட்டியே என்ற பிரெஞ்சு மாலுமிக்கு வழிகாட்டிய பொடியன்கள் 'கனாட்டா' என்று கைகாட்டினார்கள். அவர்களின் மொழியில அதுக்கு 'ஊர்' என்று அர்த்தம். ஊரைக் காட்டினவர்களின் ஊர்தான் பிறகு பறிபோனது. மன்னிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பறிபோன காணி அதால திரும்பி வராது என்று அந்தச் சனம் இன்றைக்கும் சொல்லுகிறது.

2016 மே 18இல் இன்னொரு மன்னிப்பு. 1914இல் கொமகாட்டா மாரு என்ற கப்பலில பெரும்பாலும் சீக்கியர்களான 376 பேர் வன்கூவருக்கு வந்தார்கள். மிகச் சிலரைத் தவிர மற்ற எல்லாரையும் துறைமுகத்தில வைத்தே திருப்பி அனுப்பினார்கள். நூறு வருசத்துக்கும் பிந்தி பிரதமர் ஜஸ்ரின் ரூடோ நாடாளுமன்றத்தில மன்னிப்புக் கேட்டார். மே 18 நமக்கு என்ன நாள் என்று சொல்லத் தேவையில்லை. தற்செயல்தான். ஆனா ஒரு நாட்டின் நாடாளுமன்றம் பழைய கப்பல் ஒன்றுக்காகத் தலை குனிந்த அதே நாளில, இன்னொரு நாட்டில தங்கட பிள்ளைகளுக்குப் பொதுவில விளக்குக் கொளுத்தவே சனம் யோசிக்க வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது கனடாவைப் புண்ணிய பூமியாக்கிவிடக் கூடாது. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது கிடைத்தது சென் ஷொட்ஸ் மீனவர்களின் வரவேற்பு இல்லை. பெண்களும் பிள்ளைகளும் உட்பட எல்லாரையும் தடுத்து வைத்தார்கள். பலர் மாதக்கணக்கில உள்ளே இருந்தார்கள். 1914, 1986, 2010 மூன்றிலயும் கப்பலில வந்தது ஒரே மாதிரியான சனம். கரையில நின்றவர்களின் மனநிலைதான் மாறி மாறி வந்தது.

திரும்பி வந்த மனிற்ரோபா

2004 டிசம்பர் 26. நாவலடி, திருச்செந்தூர், கல்லடி, மருதமுனை, கல்முனை, காரைதீவு என்று நம்மட கரை முழுக்கக் கடல் ஏறியது. அதே காலையில தென்மேற்குக் கரையில, பெரலியவில், மாத்தறைக்குப் போன கோச்சியைக் கடல் புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனம் அதில இறந்தது. அந்தக் கோச்சியை இழுத்துக்கொண்டு போன எஞ்சின் எம்2 வகை, இலக்கம் 591. பெயர் மனிற்ரோபா.

பிறகு அந்த எஞ்சினைத் திருத்தி ஓடவிட்டார்கள். ஆண்டு தோறும் டிசம்பர் 26இல் அதே எஞ்சின் பெரலியவில போய் நின்று அஞ்சலி செலுத்துவது வழக்கமாச்சு. கடலே இல்லாத ஊர் என்று நாங்கள் நினைக்கிற ஒரு புல்வெளி மாகாணத்தின் பெயர், கடல் அழித்த சனத்தின் நினைவுச் சின்னமாக நம்மட நாட்டில நிற்குது.

அந்தப் பேரழிவுக்குக் கனடா தன் இராணுவத்தின் அனர்த்த உதவி அணியை அனுப்பியது. ஏறத்தாழ 200 பேர், 2005 ஜனவரியில, அம்பாறையில முகாம் போட்டுத் தண்ணீர் சுத்திகரித்துக் குடுத்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள். இதிலயும் ஒரு கனடிய வேடிக்கை உண்டு. அவசரத்துக்கு உடனே பறப்பதுக்கென்று உருவாக்கிய அணி அது. ஆனா அதன் சாமான்களை ஏற்ற அளவான பெரிய விமானம் கனடாவிடம் இல்லை. அன்ரனோவ் விமானங்களை வாடகைக்குப் பிடித்துத்தான் வந்தார்கள். கனடியப் பத்திரிகைகள் இதைக் கிழித்து எழுதின. கல்முனைப் பக்கத்தில வாளியோட வரிசையில நின்ற சனத்துக்கு அது ஆருடைய விமானம் என்பது ஒரு பிரச்சினையே இல்லை.

பகிடியின் மற்றப் பக்கம்

இப்ப கேள்விக்கு வருவம். இந்த வேடிக்கைகளைத் தோண்டி என்ன பிரயோசனம்?

நம்மட பிரதேசத்தில இருந்து கனடாவுக்குப் போனவர்கள் வடக்கோட ஒப்பிட்டால் குறைவு. கடல் கடக்கிற காசும், முதலே அங்க இருந்து கைகுடுக்கிற சொந்தமும் இங்க குறைவு. எழுவான்கரையிலயும் படுவான்கரையிலயும் அதிகம் பேருக்குக் கிடைத்தது மத்திய கிழக்குத்தான், அதிலயும் வீட்டு வேலைக்குப் போன தாய்மார். அதனால் கனடா இங்க ஒரு அனுபவமாக வரவில்லை, கதையாகத்தான் வந்தது. அதுவும் சிரிப்புக் கதையாக. போன ஆக்கள் இங்க வரும்போது ரெண்டு வேலை பார்த்த இரவுகளையோ, அகதி வழக்கு முடியக் காத்திருந்த வருசங்களையோ கதைப்பதில்லை. பால்பை, வாத்துக் காசு, பனி அள்ளினது, இதுகளைத்தான் கதைக்கிறார்கள். வலியைச் சொன்னால் அம்மா அழுவா. பகிடி சொன்னால் சிரிப்பா. அது ஒரு அன்புதான். ஆனா அந்த அன்பு கேட்கிற பொடியனுக்கு ஒரு தவறான வரைபடத்தைக் குடுக்குது.

2022 நவம்பரில், பொருளாதாரம் விழுந்த அந்த வருசத்தில, லேடி ஆர்3 என்ற படகு வியட்நாமுக்கு அப்பால் மூழ்கும் நிலைக்கு வந்தது. அதில 303 இலங்கையர்கள், பெரும்பாலும் தமிழர். கனடாவுக்குப் போகிறோம் என்று நம்பி ஏறியவர்கள். ஒரு ஜப்பானியக் கப்பல் அவர்களைக் காப்பாற்றி வியட்நாம் கரையில இறக்கியது. 1986இல் இருந்த உலகம் 2022இல் இல்லை. ஆனா கதை மட்டும் 1986இலயே நிற்குது. படகில ஏறினால் அங்க ஒரு நல்ல மீனவர் சாப்பாட்டோட நிற்பார் என்ற கதை. சன் சீயில போனவர்களின் சிறைக் கதையைச் சிரிப்புக்கு நடுவில ஒருத்தரும் சொல்லவில்லை.

போகாதீங்க என்று சொல்ல நான் ஆரும் இல்லை. நம்மட ஊரில பிடித்துவைக்க என்ன இருக்கு என்று கேட்டால் என்னிட்டயும் நல்ல பதில் கிடையாது. ஆனா போகிறவரும் நிற்கிறவரும் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேணும். அதுக்கு ஒரு வழி நம்மட கையிலயே இருக்கு.

மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில வரும். கனடாவில பள்ளிக்கூட விடுமுறையும் அந்த நாட்களிலதான். கனடாக்காரர் கூடுதலாக வந்து நிற்கிற காலம் அது. அவர்கள் பனிக்கதை சொல்லிச் சிரித்து முடியும் வரைக்கும் நல்லாச் சிரியுங்க. பிறகு கேளுங்க: "மாமா, நீங்க எந்த வருசம் போனீங்க? எந்த வழியால? முதல் குளிருக்கு ஆருடைய ஜக்கெற்றைப் போட்டீங்க? பேப்பர் கிடைக்க எத்தனை வருசம் எடுத்தது? அதுக்குள்ள ஆருடைய செத்தவீட்டுக்கு வர ஏலாமல் போச்சு?" சொல்லுவதை எழுதி, தேதியையும் போட்டு வையுங்க. ஒட்டாவாவிலயும் லண்டனிலயும் ஆவணக் காப்பகங்கள் இருக்கு, அவங்களுடைய எஞ்சின் இலக்கம்கூடப் பத்திரமாக இருக்கு. நம்மட ஆக்கள் போன பயணத்துக்கு இலக்கம் போட்டு வைக்க நாங்கள்தான் இருக்கிறோம்.